மீதி ரெண்டு

உங்க நம்பரு என்ன தம்பி? பயப்படாதீங்க, கடன் கேக்க மாட்டேன், காலையில எந்திரிச்சதும் பூப்போட்ட வணக்கமும் அனுப்ப மாட்டேன். இது பட்டன் போனு, இதுல பூவும் வராது, ஒண்ணும் வராது. கடைசி இலக்கத்தை மட்டும் சொன்னாக்கூடப் போதும். நாலா? போச்சு. ரெண்டால வகுபட்டுரும், அதுக்கு மேல பாக்க ஒண்ணுமில்ல. பின்னால துண்டு போட்டு உக்காந்திருக்காரு பாருங்க, அவருக்கு அஞ்சுல முடியுது. கண்டக்டருக்கு ஏழுல முடியுது, பரவாயில்லையேன்னு பாத்தா, எல்லா இலக்கத்தையும் கூட்டுனா நாப்பத்தஞ்சு. மூணால வகுபடுது. ஒரு பஸ்ஸு நெறைய ஆளு இருக்கு, உருப்படியா ஒரு பகா எண்ணு கெடையாது.

பகா எண்ணுன்னா தெரியும்லா? தன்னாலயும் ஒண்ணாலயும் மட்டும்தான் வகுபடும், வேற எவன் வந்தாலும் வகுக்க முடியாது. ஏழு, பதினொண்ணு, பதிமூணு, அந்த மாதிரி. படிச்சிருப்பீங்க, மறந்திருப்பீங்க. எல்லாரும் மறந்துதான் போறாங்க. முப்பத்திரெண்டு வருசம் நான் கணக்கு வாத்தியாரா இருந்தேன், தென்காசியில. பேரு பேச்சிமுத்து. பேரைச் சொன்னா எவனுக்கும் தெரியாது, ‘பகா வாத்தியாரு’ன்னு கேட்டா வீட்டுல கொண்டு வந்து விட்டுருவானுவ. அந்தப் பேரும் இன்னியோட முடிஞ்சிது. டவுன் ஆர்ச்சுல இறங்கி, போன் கம்பெனி ஆபீஸ்ல எழுதிக் குடுத்து, இந்த நம்பரை ரத்து பண்ணிட்டுத்தான் மறு வேலை. பதினஞ்சு வருசமா வச்சிருந்த நம்பரு. சனிக்கெழமை ஆறு மணிக்கு மூடிருவான். நீங்க ஜங்ஷன் போறீங்களா? அப்ப ஆர்ச்சு வரும்போது எனக்கு ஒரு சத்தம் குடுங்க. நான் பேச ஆரம்பிச்சா எடம் தெரியாது.

எதுக்கு ரத்துன்னா கேக்கீங்க? நீங்க கேக்கல, ஆனா நான் சொல்லுதேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது தம்பி, யாருகிட்டயாவது சொன்னாத்தான் ஆறும். பெத்த பொண்ணு ஏமாத்திட்டா. காசு பணத்துல ஏமாத்தியிருந்தாக்கூட மனசு விட்டுரும். கணக்குல ஏமாத்திட்டா.

இந்த செல்போனு வந்த புதுசுல நானும் ஒரு சிம்மு வாங்குனேன். கடைக்காரன் ஒரு அட்டையைக் குடுத்து, இதுல இருக்கது எதுன்னாலும் எடுத்துக்கோங்க சார்னான். எல்லாவனும் ஒரே இலக்கம் மூணு தடவை வருதா, நாலு தடவை வருதான்னு பாத்து எடுக்கான். நான் அப்படியா எடுப்பேன்? ரெட்டைப்படையை எல்லாம் தள்ளினேன். அஞ்சுல முடியறதைத் தள்ளினேன். கூட்டுத்தொகை மூணால வகுபடுறதைத் தள்ளினேன். கடையிலயே நின்னு ஏழு, பதினொண்ணு, பதிமூணாலயும் வகுத்தேன். கடைசியில ஒண்ணே ஒண்ணு நின்னுது. முழு நம்பரைச் சொல்ல மாட்டேன், இங்க நாலு காது இருக்கு. பத்து இலக்கம். ஏழுல முடியும். எல்லாத்தையும் கூட்டுனா அம்பத்திமூணு. ஆறோட மடங்குக்குச் சரியா ஒண்ணு குறைச்சல். பாக்கவே ஒரு மிடுக்கா இருந்துச்சு.

ஆனா மிடுக்கா இருந்தாப் போதுமா? நிரூபிக்கணும்லா. பத்து இலக்க எண்ணு பகா எண்ணான்னு பாக்கணும்னா, கிட்டத்தட்ட ஒரு லட்சம் வரைக்கும் இருக்க பகா எண்ணால எல்லாம் வகுத்துப் பாக்கணும். எதுலயும் மீதி இல்லாமப் போகக் கூடாது. ஒரே ஒரு எண்ணுல மீதி பூஜ்யம் வந்தாலும் எல்லாம் பாழு. அந்த ஒரு லட்சத்துக்குள்ள எத்தனை பகா எண்ணு இருக்குன்னு நெனைக்கீங்க? ஒன்பதாயிரத்து ஐநூத்தித் தொண்ணூத்திரெண்டு. அத்தனை வகுத்தல். கால்குலேட்டர்ல போடலாமேன்னு எங்க ஹெட்மாஸ்டர் சொன்னாரு. அந்தக் காலத்து கால்குலேட்டர் எட்டு இலக்கத்துக்கு மேல காட்டாது தம்பி. என் நம்பரைப் போட்டா கடைசி ரெண்டு இலக்கத்தை முழுங்கிரும். கம்ப்யூட்டர் ரூமை லீவுக்குப் பூட்டி, சாவியை ஒருத்தரு ஊருக்குக் கொண்டு போயிட்டாரு. சரி, கையாலயே வகுப்போம்னு உக்காந்தேன். முழுப் பரீட்சை லீவு.

என் பொண்ணு அப்ப எட்டாங்கிளாஸ் முடிச்சிருந்தா. உலகம்மாள்னு பேரு, உலகுன்னு கூப்பிடுவோம். கணக்குல அவ கெட்டி. நானும் வாரேன்பான்னு வந்து உக்காந்தா. ஆயிரம் வரைக்கும் இருக்க பகா எண்ணெல்லாம் உனக்கு, அதுக்கு மேல எனக்கு, உன் பங்கு முடிஞ்சா என்கிட்ட இருந்து வாங்கிக்கோன்னு பிரிச்சுக் குடுத்தேன். ஒண்ணு சொல்லி வச்சேன்: எதுலயாவது மீதி பூஜ்யம் வந்துதுன்னா உடனே சொல்லு, பாயைச் சுருட்டிரலாம், நம்பரைத் திருப்பிக் குடுத்துட்டு நான் டியூசனுக்குப் போயிருதேன். ஏன்னா அந்த லீவுக்கு ரெண்டு பேட்ச் டியூசன் கேட்டு வந்திருந்தாவ. வருசம் பூரா எனக்கு அதான் பொழப்பு. காலையில ஒரு பேட்ச், பள்ளிக்கூடம், சாயங்காலம் ரெண்டு பேட்ச். நான் வீட்டுக்கு வரும்போது அவ தூங்கியிருப்பா, நான் கெளம்பும்போதும் தூங்கிட்டுத்தான் இருப்பா. நம்ம பொறுப்பு அப்படி.

ஃபேனுக்குக் கீழ பாயை விரிச்சு, பழைய கேள்வித்தாளு பின்பக்கம் பூரா வகுத்தோம். அவ அம்மா நுங்கு சீவிக் கொண்டு வந்து வப்பா. பிள்ளை வாய் மூடாது. ஒரு வகுத்தலுக்கும் அடுத்த வகுத்தலுக்கும் நடுவுல, அப்பா எங்க டீச்சர் இப்படிப் பண்ணாங்க, அப்பா குத்தாலத்துல தண்ணி விழுதாம், அப்பா நீங்க சின்னப் பிள்ளையில யாருகிட்ட அடி வாங்கினீங்க... பேசாம வகுட்டின்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். சிரிப்பா. மத்தியானம் வகுத்துக்கிட்டே என் தொடையில தலையை வச்சுத் தூங்கிருவா, நான் காலை அசைக்காம அடுத்த வகுத்தலைப் போடணும். கால் மரத்துப் போவும். வேலைக்கு எடைஞ்சல்தான். ஆனா ஒண்ணு, அப்படி ஒரு லீவு எனக்கு அதுக்கு முன்னயும் வரல, பின்னயும் வரல. அது வேற விசயம்.

லீவு முடிய ரெண்டு நாளு இருக்கும்போது கடைசி எண்ணையும் வகுத்து முடிச்சேன். எதுலயும் பூஜ்யம் இல்ல. பகா எண்ணு. தெருவுக்கே கேசரி கிண்டச் சொல்லிக் குடுத்தேன். என்ன விசேசம்னு கேட்டவங்களுக்கு என் நம்பர் எதாலயும் வகுபடாதுன்னு சொன்னேன். அப்படியா சார், சந்தோசம்னு தின்னுட்டுப் போனாங்க. ஒருத்தனுக்கும் அதோட அருமை தெரியல. நமக்கு இந்த நம்பரு ராசி, எண்ணு ராசின்னு எந்த மூடப் பழக்கமும் கெடையாது தம்பி. ஆனா அந்த நம்பரு வந்த வருசம்தான் எனக்கு உதவித் தலைமையாசிரியர் பிரமோஷன் வந்துச்சு. பிறகு உலகு பத்தாவதுல கணக்குல நூத்துக்கு நூறு எடுத்தா. நிலத்துக் கேசு முடிஞ்சுது. அதெல்லாம் உள்ளதுதானே, உள்ளதைச் சொல்லணும்லா.

இப்ப சம்பந்தி கதைக்கு வாரேன். உலகுக்கு மாப்பிள்ளை பாத்தோம். பேரு கதிரேசன், பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை, தங்கமான பையன். அவரு அப்பா குத்தாலிங்கம், சங்கரன்கோயில்ல பெயின்ட் கடை. அவரு ஒரு எண் கணிதப் பைத்தியம். கடை போர்டுல பேருக்கு நடுவுல ரெண்டு எழுத்து கூடுதலாப் போட்டிருக்காரு. நிச்சயதார்த்தம் அன்னிக்கு வெத்தலை பாக்கு மாத்தி முடிச்சு, பத்திரிகைக்கு வாசகம் எழுதுதோம். அழைப்பாளர் பேருக்குக் கீழ போன் நம்பரு போடணும். என் நம்பரைச் சொன்னேன். அவரு விரலை மடக்கி மடக்கிக் கூட்டுதாரு. முகம் சுருங்குது. “அத்தான், கூட்டு எண் எட்டு வருதே. சனி. வேற நம்பர் இருந்தாப் போடுவோம். கல்யாணத்துக்கு ஆறு வந்தா நல்லது, சுக்கிரன்”ங்காரு.

நான் பொறுமையாத்தான் சொன்னேன். எட்டுங்கது சனியும் இல்ல கினியும் இல்ல, என் நம்பரை ஒன்பதால வகுத்தா வர்ற மீதி அது, அவ்வளவுதான், உங்க ஜோசியம் பூராவும் ஒன்பதால வகுத்த மீதிதான்னு. அதுக்கே அவருக்கு வேர்த்துட்டு. அடுத்ததாச் சொன்னேன்: மூணு, ஆறு, ஒன்பது வர்ற எந்தப் பெரிய எண்ணும் மூணால வகுபட்டுரும், நீங்க கேக்க ஆறு என் நம்பருக்கு ஒரு நாளும் வராது, ஏன்னா என் நம்பரு பகா எண்ணுன்னு. நெஞ்சை நிமித்தித்தான் சொன்னேன். சம்பந்தியம்மா வாயில முந்தானையை வச்சுக்கிட்டா. அவரு மெதுவாக் கேக்காரு, “பகை எண்ணா?” “ஆமா, பகா எண்ணு”ங்கேன் நான். “தெரிஞ்சேவா வச்சிருக்கீங்க?” “தெரிஞ்சேதான், தேடிப் புடிச்சு வச்சிருக்கேன்”ங்கேன். “அதை எங்க பையன் கல்யாணப் பத்திரிகையில போடணும்னு நிக்கீங்க?” “போட்டாத்தான் எனக்குப் பெருமை”ங்கேன்.

எந்திரிச்சுட்டாரு மனுசன். அவுக சாஸ்திரத்துல நட்பு எண்ணு, பகை எண்ணுன்னு இருக்காம். அவரு காதுல பகைன்னே விழுந்திருக்கு. எனக்கு அது பிறகுதான் வெளங்குச்சு, என் வீட்டுக்காரி சொல்லி. அன்னிக்கு அந்த நிமிசம் ரெண்டு பேரும் ரெண்டு பாஷையில கத்துதோம். தாம்பாளத்தைத் திருப்பி எடுங்கங்குற அளவுக்குப் போயிட்டு. என் மச்சினன் என் கையைப் புடிச்சு இழுக்கான். நான் விடல. “இதை எதாலயும் வகுக்க முடியாதுய்யா, நானும் என் பொண்ணும் ஒரு லீவு பூரா வகுத்துப் பாத்திருக்கோம், வேணும்னா அவளைக் கேளுங்க”ன்னேன்.

உள்ள இருந்து வந்தா. பட்டுச்சேலையும் பூவுமா வந்து சபை நடுவுல நின்னா. ரெண்டு குடும்பமும் அவளையே பாக்கு. என் முகத்தை ஒரு தடவை பாத்தா, அவரு முகத்தை ஒரு தடவை பாத்தா. “எங்க அப்பா சொல்லது சரிதான் மாமா. அது எதாலயும் வகுபடாது. பகைன்னு இல்ல, பகா. பிரிக்க முடியாததுன்னு அர்த்தம்”னா. பிரிக்க முடியாததுன்னதும் அவருக்கு உச்சி குளுந்துட்டு. “பிரிக்க முடியாததா? கல்யாணத்துக்கு இதை விட நல்ல நம்பரு எங்க இருக்கு”ன்னு உக்காந்துட்டாரு. பத்திரிகையில என் நம்பருதான் அச்சாச்சு. அன்னிக்கு என் பொண்ணை நெனைச்சு எனக்கு அப்படி ஒரு பெருமை.

அந்தப் பெருமை எங்க போயி முட்டுச்சுன்னு கேளுங்க. போன வருசம் பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தா. ஆம்பளப் பிள்ளை. மாப்பிள்ளை பிள்ளையைப் பாக்க பெங்களூர்ல இருந்து வந்தாரு. சாப்பிட்டு உக்காந்து பேசிட்டு இருக்கும்போது, பேரனுக்கும் பகா எண்ணாப் பாத்து ஒரு நம்பர் வாங்கணும் மாப்பிள்ளைன்னு சொன்னேன். அந்த லீவுக் கதையையும் சொன்னேன். அவரும் ஆசையாக் கேட்டாரு. அப்படியே கையில இருந்த போன்ல என் நம்பரைத் தட்டுதாரு. கண்ணு மூடித் தெறக்கல, பதில் வந்துட்டு. திரும்பவும் தட்டுதாரு. “மாமா, இது அறுநூத்திப் பதிமூணால வகுபடுது போலிருக்கே”ங்காரு.

நான் சிரிச்சேன். உங்க மிஷின் தப்பு மாப்பிள்ளைன்னுட்டு, காலண்டர் தாளைக் கிழிச்சு பின்னால வகுத்தேன். மீதி பூஜ்யம். கண்ணாடியைத் தொடைச்சுட்டு வகுத்தேன். பூஜ்யம். வந்த ஈவை அறுநூத்திப் பதிமூணால திருப்பிப் பெருக்குனேன். என் நம்பரு வந்து நிக்கி தம்பி, ஒரு இலக்கம் பெசகாம. பதினஞ்சு வருசமா எவன் கேட்டாலும் பகா எண்ணுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். ரிட்டயர்மென்ட் மேடையில சொல்லியிருக்கேன். அது பகு எண்ணு. உங்க நாலு, அவரு அஞ்சு, எல்லாத்துக்கும் பங்காளி.

அப்புறம்தான் உறைச்சுது. ஆயிரத்துக்குள்ள இருக்கது அவ பங்குல்லா. அறுநூத்திப் பதிமூணு அவ வகுத்தது. அதுவும் மொத வாரத்துல. உள்ள போனேன். பிள்ளையை மடியில போட்டு உக்காந்திருந்தா. “உலகு, அறுநூத்திப் பதிமூணு ஞாபகம் இருக்கா?”ன்னு கேட்டேன். என்னப்பா அதுன்னு கேப்பான்னுதான் நெனைச்சேன். தப்புப் போட்டிருப்பா, சின்னப் பிள்ளைதானே, மறந்திருப்பா, போனாப் போகுதுன்னு விட்டிருப்பேன். ஒரு நொடி யோசிக்கல அவ. “மீதி வரலப்பா”ன்னா.

தெரிஞ்சிருக்கு தம்பி. அன்னிக்கே தெரிஞ்சிருக்கு. “பின்ன என்னட்டி எழுதுன?” “மீதி ரெண்டுன்னு எழுதினேன்.” “எதுக்கு?” தலையைக் குனிஞ்சுக்கிட்டா. “பூஜ்யம்னு சொன்னா நீங்க எந்திரிச்சு டியூசனுக்குப் போயிருப்பீங்க”ன்னா.

இது ஒரு பதிலா, நீங்களே சொல்லுங்க. எந்திரிச்சுத்தானே போவணும்? வேலை முடிஞ்சா பாயில உக்காந்து என்ன செய்ய? மொத வாரத்துலயே முடிஞ்ச கணக்கை லீவு பூராப் போட வச்சிருக்கா. அதுக்கு மேல வகுத்ததெல்லாம் தண்டம். ஒன்பதாயிரத்துச் சொச்சம் வகுத்தலும் தண்டம். அத்தனையும் தெரிஞ்சுக்கிட்டு, நுங்கைத் தின்னுக்கிட்டு, சிரிச்சுப் பேசிக்கிட்டு எம் பக்கத்துல உக்காந்திருக்கா. சபையில வந்து எதாலயும் வகுபடாதுன்னு கூசாமப் பொய் சொல்லியிருக்கா. எனக்காகத்தான் சொன்னாளாம், அவ அம்மா சொல்லுதா. எனக்காக எதுக்குப் பொய் சொல்லணும்? நான் கேட்டனா?

அதுல இருந்து நான் அவகூடப் பேசல. பெங்களூருக்குத் திரும்பிப் போயிட்டா. தெனமும் ராத்திரி கூப்பிடுவா. என் வீட்டுக்காரிகிட்ட தனியாப் போனு இல்ல, இதுலதான் பேசணும். பச்சைப் பட்டனை அமுக்கி அவ கையில குடுத்துட்டு நான் வாசலுக்குப் போயிருவேன். பிள்ளை சத்தம் கேக்கும். கேட்டா கேக்கட்டும்னு நிப்பேன். இன்னிக்கு நம்பரை ரத்து பண்ணப் போறேன்னு சொன்னதுக்கு வீட்டுக்காரி குதிக்கா. எல்லா நம்பரும் போனுக்குள்ளதான் இருக்கு, உலகுக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச ஒரே நம்பரு இதுதான், ஒரு ஆத்திர அவசரம்னா பிள்ளை எந்த நம்பருக்குக் கூப்பிடும்ங்கா. புது நம்பரை மனப்பாடம் பண்ணட்டும். இந்தத் தடவை நான் ஒருத்தனே உக்காந்து வகுக்கப் போறேன். ஒருத்தரும் பக்கத்துல வேண்டாம். இருக்கிற வயசுக்குள்ள முடியுதோ முடியலையோ.

இதுல எனக்குத் தூக்கம் வராம அடிக்கது எது தெரியுமா? அந்த ரெண்டு. பொய் எழுதணும்னா எதையும் எழுதலாம். அறுநூத்திப் பதிமூணால வகுத்தா மீதி ஒண்ணுல இருந்து அறுநூத்திப் பன்னிரெண்டு வரைக்கும் எது வேணும்னாலும் வரலாம். அத்தனையையும் விட்டுட்டு ஏன் ரெண்டு? கணக்குல அதுக்குக் காரணமே கெடையாது. அன்னிக்கு அதைக் கேட்டேன். அழுதுட்டா.

அடிக்குது பாருங்க. அவதான். அவ அம்மா பக்கத்து வீட்டுப் போன்ல சொல்லிக் குடுத்திருப்பா, இல்லன்னா இந்நேரத்துக்குக் கூப்பிட மாட்டா. அடிக்கட்டும். நின்னுட்டு. நல்லதாப் போச்சு. திரும்பவும் அடிக்கா. என்ன தம்பி, எடுக்கணும்ங்கீங்களா? எடுத்து என்ன பேச? அந்த ரெண்டை மட்டும் கேக்கேன். அதைக் கேட்டுட்டு வச்சிருவேன். இருங்க.

ஹலோ. ம், நான்தான். அம்மா இல்ல, நான் பஸ்ஸுல இருக்கேன். டவுனுக்குத்தான். அழாம பேசு. உங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஏன் ரெண்டுன்னு எழுதுன? ஒண்ணுன்னு எழுதியிருக்கலாம்லா, அஞ்சுன்னு எழுதியிருக்கலாம்லா? ம். பஸ்ஸு சத்தத்துல கேக்கல. இன்னொரு தடவை சொல்லு. ம். ம். கேட்டுது. கேட்டுதுட்டி. பய முழிச்சிரப் போறான், சத்தமா அழாத. என்னது? நம்பரா? மாத்தல. யாரு சொன்னா மாத்தப் போறேன்னு? உங்க அம்மாவுக்கு வேற வேலை இல்ல. இதே நம்பருதான், நாளைக்கும் இதே நம்பருதான். பயலுக்குச் சளி இருந்துதே, போயிட்டா? சரி. சரிம்மா. வைக்கேன்.

பாயில ரெண்டு பேருதானேப்பா இருந்தோம், அதான் ரெண்டுன்னு எழுதினேங்கா. இது ஒரு காரணமா தம்பி? எந்தக் கணக்குப் புத்தகத்துல இப்படி இருக்கு? நீங்க என்ன, என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்கீங்க. வெளிய பாலம் வருது. ஆர்ச்சு எங்க? தாண்டிட்டா? அப்பமே ஒரு சத்தம் குடுக்கச் சொன்னேம்லா உங்ககிட்ட. இனிமே நான் இறங்கித் திரும்பிப் போறதுக்குள்ள அவன் ஆபீசைப் பூட்டிருவான். எல்லாம் உங்களாலதான்.